ஃபுகாடா கியூயாவின் நூறு மலைகள்

எர்ணாவூர் நெய்தல் நிலத்தது. ஒருபால் வங்கக் கடலும் ஒருபால் எண்ணூர்க் கழியும் அமைய, ஆலைகளின் புகைபோக்கிகள் உயர்ந்து தோன்றும் அவ்வூரில் மலை எனச் சுட்டத்தக்கது ஒன்றும் இல்லை. அங்கு முதுகலை மாணவர் சிலரோடு குறிஞ்சிப்பாட்டை நாம் பயின்றபொழுது ஒரு வினா எழுந்தது. கபிலர் அடுக்கிக் கூறும் 99 மலர்களையும் அவர் கண்ணாற் கண்டிருத்தல் வேண்டுமா? காணாது கூறினும் பாட்டின் சுவை குன்றாதன்றோ? படைப்பாளியின் பட்டறிவுக்கும் படைப்பின் மதிப்புக்கும் உள்ள தொடர்பு யாது என்பதே இவ்வினாவின் உட்பொருள். கபிலர் வாழ்வைக் கொண்டு இதற்கு விடை காண்டல் அரிது. அவர் வரலாறு என நாம் அறிவது பெரும்பாலும் அவர்தம் பாட்டுக்களினின்றும், தொகுத்தோர் எழுதிய குறிப்புக்களினின்றும் வடித்தெடுத்ததே. ஆதலின், வாழ்வும் எழுத்தும் தனித்தனியே அறியக் கிடக்கும் பிற நாட்டார் ஒருவரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அவர் ஜப்பானிய எழுத்தாளரும் மலையேறியுமாகிய ஃபுகாடா கியூயா.

ஃபுகாடா 1903ஆம் ஆண்டு இஷிகாவா மாநிலத்தில் பிறந்தார். டோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்றார். பதிப்பகம் ஒன்றிலும் பணியாற்றினார். 1930ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த கதைகளால் அவர் பெயர் இலக்கிய உலகில் பரவியது. வட ஜப்பானின் சுகாரு நிலத்தைக் களமாகக் கொண்டவை அவற்றுட் சில. அந்நிலம் ஃபுகாடா பிறந்த நிலமன்று. அவருடைய முதல் மனைவியாராகிய கிடபாடகே யாஹோ பிறந்த பகுதி. யாஹோ முதுகெலும்பு நோயால் நெடுங்காலம் படுக்கையிற் கிடந்தவர். ஃபுகாடாவின் புகழ்பெற்ற கதைகள் சில அவ்வம்மையார் எழுதிவைத்த படிகளைத் தழுவியவை என்பது பின்னர் வெளிப்பட்டது. நடக்கவியலாதவர் தாம் வாழ்ந்து அறிந்ததை எழுதினார். மலைதோறும் நடந்தவர் அதனைத் தம் பெயரால் வெளியிட்டார். இம்முரண் நம் நெஞ்சை வருத்துவதாகும்.

1940களில் இருவர் வாழ்வும் பிரிந்தது. ஃபுகாடா போர்ப்பணிக்குச் சீனம் சென்று, 1946இல் மீண்டார். 1947இல் மணவிலக்குப் பெற்று மறுமணம் புரிந்தார். புனைகதையாசிரியர் என்னும் பெயர் மங்கிய நிலையில், சில ஆண்டுகள் பிறந்த மாநிலத்தில் வாழ்ந்து, மலைகளைப் பற்றியே மிகுதியும் எழுதினார். 1958இல் சிறு குழுவொன்றுடன் இமயத்துக்கும் சென்றுவந்தார். 1959 முதல் 1963 வரை திங்களிதழ் ஒன்றில் இதழுக்கு இரண்டு மலையாக அவர் எழுதிய கட்டுரைகளே 1964இல் 'ஜப்பானின் நூறு புகழ்மலைகள்' என்னும் பொருள்படும் நூலாயின.

இந்நூலின் அமைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. மலைகளைத் தெரிவதற்கு அவர் கொண்ட அளவைகள் மூன்று: மாண்பு, வரலாறு, தனித்தன்மை. ஏறத்தாழ 1500 மீட்டருக்குக் குறையாத உயரமும் வேண்டும் என்றார். எனினும் 877 மீட்டரே உயர்ந்த சுகுபா மலையை அவர் விலக்கவில்லை. மன்யோஷூ என்னும் பழம்பாடல் தொகையிலேயே அது போற்றப்பட்டமையின் என்க. இவ்வளவைகளுக்கெல்லாம் அடிப்படையாக மற்றொரு வரையறை உண்டு: தாம் ஏறாத மலை நூலில் இடம்பெறலாகாது. உயர விதியை நெகிழ்த்தவர் இவ்வரையறையை நெகிழ்க்கவில்லை. பிறர் அறிவைத் தம் பெயரால் வழங்கிய ஒருவர், தம் அடி படாத இடத்தைப் பற்றி எழுதுவதில்லை என்று உறுதிபூண்டமை தற்செயலன்று என நாம் கருதுகின்றோம்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். ஃபுகாடா இளமை முதலே மலையேறியவர்; புகழ்மலைகளை வரிசைப்படுத்தும் முயற்சியைப் போருக்கு முன்பே தொடங்கியவர். ஆகவே நூறு மலைகள் ஒரு குற்றவுணர்வின் விளைவு எனல் பொருந்தாது என்பர். தடை ஏற்புடையதே. நூலின் தோற்றத்துக்குக் குற்றம் காரணம் என நாமும் கூறவில்லை. தொடக்கத்தில் விருப்பமாக இருந்த ஒன்று பின்னர் எழுத்தாளரின் அறமாக முதிர்ந்தது என்பதே நம் கருத்து. நூலுக்கு யோமியூரி இலக்கியப் பரிசு கிடைத்தபொழுது, அது திறனாய்வு, வாழ்க்கை வரலாறு ஆகியவற்றுக்குரிய பிரிவிலேயே வழங்கப்பட்டது. மலையையும் ஓர் ஆளாகக் கொண்டு அதன் பண்பையும் வரலாற்றையும் எழுதிய நூலுக்கு அப்பிரிவு பொருத்தமானதே.

கபிலரோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கபிலர் பாட்டில் மலை, தலைவியின் உள்ளத்தைப் புலப்படுத்தும் கருவி. மலர்கள் அவ்வுணர்வுக்குப் பின்புலம். ஆண்டு வேண்டப்படுவது உரிப்பொருளின் உண்மை. ஃபுகாடாவின் நூலில் மலையே பொருள். ஆசிரியர் அதற்குச் சான்றாளர். சான்றாளர் நேரில் அறிந்தவராதல் இன்றியமையாதது. எனவே மாணவர் வினாவுக்கு விடை, எழுத்தின் வகையைப் பொறுத்தே அமையும்.

ஆயினும் இரு வகைக்கும் பொதுவான கடமை ஒன்றுண்டு; அது பிறர் உழைப்புக்கு உரிய பெயரை வழங்குதல். சங்கப் பாடல்களைத் தொகுத்தோர், பாடினார் பெயர் அறியாவிடத்துப் பாட்டின் சொற்றொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றாற்போல வழங்கினர். பெயர் காட்டாது விடுத்த பாடல்களும் உள. பெயர் அறியாத பாட்டைப் புகழ்வாய்ந்த கபிலர்மேலோ பரணர்மேலோ ஏற்றிவிடுதல் எளிது. அவ்வெளிய வழியை அவர்கள் மேற்கொள்ளவில்லை. நம் மரபின் இந்நேர்மை பெரிதும் பாராட்டற்குரியது.

ஃபுகாடா 1971 மார்ச்சு 21ஆம் நாள், 1704 மீட்டர் உயரமுள்ள கயா மலையில் ஏறுங்கால் மூளைக் குருதிக்கசிவால் தம் 68ஆம் அகவையில் உயிர்நீத்தார். யாஹோ குழந்தை இலக்கிய ஆசிரியராகத் தம் பெயராலேயே சிறப்புற்று, அவருக்குப் பின்னும் வாழ்ந்தார். நூறு மலைகள் பழைய கடனைத் தீர்த்துவிட்டன எனப் போற்றுவாரோடும், பழைய குற்றத்தால் நூறு மலைகளும் பயனற்றன என இகழ்வாரோடும் நாம் உடன்படுதற்கில்லை. நூலின் மாண்பு நூலுக்கு உரியது. சுகாருக் கதைகளின் புகழில் யாஹோவுக்குரிய பங்கு அவருக்கே உரியது. இரண்டையும் பிரித்துக் காட்டுதல் திறனாய்வாளன் கடன். மலை காணாத எர்ணாவூர் மாணவரும் அக்கடனைச் செவ்வனே ஆற்றலாம். அதற்கு வேண்டுவது மலையேறும் வலிமையன்று, நடுவுநிலைமையே.