கைபடாத பிரதி

சிற்றிதழ் ஆசிரியர் ஒருவர் காலமானால் நம்மிடையே நடைபெறும் இரங்கற் கூட்டங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் ஒலிக்கக் கேட்கிறோம். மறைந்தவர் என் படைப்புகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றியதில்லை என்று மேடையேறிய எழுத்தாளர் தழுதழுத்த குரலில் சொல்ல, சபையும் அதைப் பெரிய பாராட்டாகவே ஏற்றுக்கொண்டு தலையசைக்கிறது. இந்த வழக்கம் இப்பொழுது இரங்கலோடு நில்லாமல், சிற்றிதழ்களின் சரித்திரம் பேசும் கட்டுரைகளிலும் முன்னுரைகளிலும் ஒரு கொள்கையாகவே நிலைபெற்றுவிட்டது. பிரதியில் கை வைக்காதவரே உத்தமமான ஆசிரியர் என்று ஒரு தலைமுறை மனப்பூர்வமாக நம்பத் தொடங்கியிருக்கிறது. ஒரு வைத்தியரைப் புகழ வந்தவர், அவர் எந்த நோயாளியின் நாடியையும் தொட்டதே இல்லை என்று புகழ்ந்தால் நாம் கைதட்டுவோமா? இலக்கியத்தில் மட்டும் ஏன் தட்டுகிறோம் என்பது என்னை வெகுகாலமாக உறுத்திவரும் விஷயம்.

சிற்றிதழ் ஆசிரியர்களுக்குத் தமிழ் பட்டிருக்கும் கடனை மறுப்பவன் நான் அல்லன். 1933-இல் தோன்றிய ‘மணிக்கொடி’, 1935-இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே ஒரு பத்திரிகையாக உருமாறாதிருந்தால் புதுமைப்பித்தனும் மௌனியும் கு. ப. ராஜகோபாலனும் எங்கே போய்க் கதவைத் தட்டியிருப்பார்கள் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் நடத்திய ‘எழுத்து’ இல்லையேல் புதுக்கவிதைக்கு இத்தனை விரைவில் ஒரு பீடம் கிடைத்திராது. திருகோணமலையைச் சேர்ந்த தருமு சிவராமு என்ற இளைஞரையும், வெங்கட் சாமிநாதன் என்ற முரட்டு விமர்சகரையும் இனங்கண்டு இடம் கொடுத்தது அந்தப் பத்திரிகைதான். சேலத்து ‘நடை’, சென்னையின் ‘கசடதபற’, யாழ்ப்பாணத்து ‘மல்லிகை’, ‘அலை’ என்று இந்த வம்சாவளியை இன்னும் நீட்டலாம். கைப்பணம் கரைந்தும், அச்சகத்தில் கடன் ஏறியும், சந்தாதாரர்கள் மறந்தும், புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியும் (செல்லப்பா அப்படித்தான் தம் பிரசுரங்களை விற்றார்) அவர்கள் செய்தது சாமானியமான காரியம் அன்று. ருசி இருந்தது, துணிவும் இருந்தது. ஒப்புக்கொண்டாயிற்று.

ஆனால் நல்லதைக் கண்டெடுப்பது ஆசிரியத் தொழிலின் முற்பாதி மட்டுமே. கண்டெடுத்ததை மறுநாள் காலை சந்தேகக் கண்ணோடு மறுபடி படிப்பதும், எந்த இடத்தில் கதை தன் பாரத்தைத் தாங்காமல் தள்ளாடுகிறது என்று குறிப்பதும், அதை எழுதியவருக்கே உரைக்கும்படி எழுத்தில் சொல்வதும், அவர் மறுத்தால் வாதிப்பதும், வாதத்தில் தோற்றால் கௌரவமாகத் தோற்பதும் அதன் பிற்பாதி. இந்தப் பிற்பாதியை நம்முடைய சிற்றிதழ் உலகம் பெரும்பாலும் கற்கவே இல்லை. கற்காததை ஒரு விரதமாக வேறு கொண்டாடுகிறது.

விரதம் எப்படி வந்தது என்பது ஊகிக்க முடியாததன்று. ஜனரஞ்சகப் பத்திரிகைகளில் கதையின் நீளத்தை நிர்ணயித்தது கதை அன்று, விளம்பரம். கடைசி நேரத்தில் கால் பக்க விளம்பரம் ஒன்று வந்து சேர்ந்தால் கதையில் இரண்டு பாராக்கள் காணாமற்போகும். கதாநாயகி இறந்தால் வாசகிகள் வருந்துவார்கள் என்று அவள் பிழைக்கவைக்கப்படுவாள். இந்தக் கத்தரியால் ரணப்பட்டவர்களே சிற்றிதழ் தொடங்கினார்கள். ஆகவே கத்தரி என்பதே பாவம் என்று முடிவு கட்டினார்கள். தர்க்கம் இங்கேதான் சறுக்குகிறது. விளம்பரத்துக்கு இடம் பண்ண ஒரு பாராவை எடுப்பதற்கும், அந்தப் பாரா கதையின் கழுத்தை நெரிக்கிறது என்று கண்டு எடுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. முன்னது எழுத்தாளனை அலட்சியம் செய்வது. பின்னதில் அவன்மீது உள்ள மரியாதை தெரிகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரதியோடு மல்லாடுவதில் எவருக்கும் இளைக்காத மரபு நம்முடையது. கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றுவதற்குள் எந்தெந்தச் சபைகளின் சம்மதத்துக்காக அலைய நேர்ந்தது என்பதைச் சொல்லும் கர்ணபரம்பரைக் கதைகள், சரித்திரமாக இல்லாவிடினும், நம் முன்னோர் ஒரு நூலை எவ்வளவு கேள்வி கேட்ட பின் ஏற்றார்கள் என்ற மனோபாவத்தையாவது காட்டுகின்றன. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்கு முன் ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து, பாடபேதங்களை வரிவரியாக ஒப்பிட்டு, ஜைன சமயச் செய்திகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்து ஜைனர்களிடமே போய் உட்கார்ந்து கேட்டுத் தெளிந்தார். அந்தச் சிரத்தை முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு கவிக்காகச் செலவிடப்பட்டது. உயிரோடு இருந்து, கேட்டால் பதில் சொல்லக்கூடிய எழுத்தாளனின் பிரதிக்கோ அதில் நூற்றில் ஒரு பங்கும் கிடைப்பதில்லை.

புதுமைப்பித்தனுக்கு நேர்ந்ததையே பாருங்கள். 1948-இல் மறைந்த அவருடைய கதைகளைப் பத்திரிகைகளில் வந்த வடிவங்களோடும் பழைய பதிப்புகளோடும் ஒப்பிட்டு, ஆ. இரா. வேங்கடாசலபதி செம்பதிப்பாக வெளியிட்டது 2000-இல். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒருவர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து பார்த்த வரிகளை, மை காய்வதற்கு முன் ஒருவர் பென்சிலோடு பார்த்திருக்கலாகாதா? அவர் வெகுவேகமாக எழுதித் தள்ளியவர் என்பது இலக்கிய உலகம் அறிந்த செய்தி. சில கதைகள் முடிவை நோக்கி ஓடும் அவசரத்தில் நடுவே நொண்டுவதை அவருடைய பக்தர்களே தனிமையில் ஒப்புக்கொள்வார்கள். இந்த இடத்தில் இன்னும் ஒரு முறை உட்காருங்கள் என்று சொல்லும் உரிமை ராமையாவுக்கு இருந்தது. சொன்னாரா, இல்லையா என்பது இருக்கட்டும். சொல்லியிருக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லையே, அதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன்.

இன்றைய நிலை இன்னும் மோசம். முன்பானால் ஓர் அஞ்சல் அட்டையில் நாலு வரியாவது வரும். இப்பொழுது கைபேசியில் ‘அடுத்த இதழில்’ என்ற இரண்டு சொற்களோடு ஆசிரியரின் கடமை முடிந்துவிடுகிறது. காலாண்டிதழ் ஒன்றில் நான் படித்த ஒரு கதையை உதாரணமாகச் சொல்கிறேன். கிணறு தூர்வாரும் ஒரு முதியவரைப் பற்றியது, பதினொரு பக்கம். முதல் மூன்று பக்கங்களில் ஊரின் வெயில், வேப்பமரம், டீக்கடை பெஞ்சு, தெருநாய் என்று எல்லோரும் எழுதுகிற எல்லாமும் வரிசையாக வருகின்றன. நாலாம் பக்கத்தில் முதியவர் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்குகிறார். அதிலிருந்து மூச்சை நிறுத்திப் படிக்கவைக்கும் எழுத்து. இடுப்பளவு சேற்றில் நின்றபடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு குடத்தின் கழுத்தை அவர் கால் விரல்களாலேயே தடவி, இது இன்னார் வீட்டுக் குடம் என்று அறிகிற ஓர் இடம் இருக்கிறதே, சமீபத்தில் தமிழில் வந்தவற்றுள் முதல் தரமான எழுத்து அது. கடைசிப் பாராவில் அந்தக் குடம் எதைக் குறிக்கிறது என்று கதாசிரியரே விளக்கிவிடுகிறார்! நாலாம் பக்கத்தில் தொடங்கி, கடைசிப் பாராவை நீக்கினால் கதை தீர்ந்தது. போதாக்குறைக்கு, மேலே நின்று சேற்று வாளியை இழுப்பவன் ஐந்தாம் பக்கத்தில் முதியவருக்கு மருமகன், ஒன்பதாம் பக்கத்தில் மைத்துனன். இவற்றைக் காண மேதாவிலாசம் வேண்டாம்; அரை மணி நேரமும் ஒரு பென்சிலும் போதும். அந்த இதழின் ஆசிரியரோ கதையைச் சிலாகித்து முதற்பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். சிலாகிப்பு நியாயமானதே, ஆனால் கதையை ஒரு முறைக்கு மேல் படித்தவர் எழுதிய குறிப்பாக அது எனக்குப் படவில்லை.

கண் இல்லாதவர்களா இவர்கள்? அச்சேறிய நூலைக் கிழித்துத் தோரணம் கட்டுவதில் நம் சிற்றிதழ்கள் காட்டியுள்ள கூர்மை அசாதாரணமானது. ‘எழுத்து’ விமர்சனத்தைத் தன் பிரதான தர்மமாகவே வரித்துக்கொண்ட பத்திரிகை. கண் அதுதான், ஆளும் மேசையும் அவையேதான்; கையெழுத்துப் பிரதியின் எதிரே மட்டும் ஏன் தாட்சண்யம் வந்து குறுக்கே நிற்கிறது? எழுதுபவனும் படிப்பவனும் சந்தா கட்டுபவனும் ஊருக்கு ஊர் இதழைக் கொண்டுபோய்க் கொடுப்பவனும் ஒரே ஆளாக இருக்கிற இந்தச் சிறு உலகில், ஒரு பாராவை அடித்தால் ஒரு நண்பனையும் ஒரு சந்தாவையும் அடுத்த இதழுக்கான ஒரு கதையையும் சேர்த்தே இழக்க நேரும் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு ‘படைப்புச் சுதந்திரம்’ என்று ஒரு பட்டுச் சால்வை போர்த்தியிருக்கிறோம். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டவர் செல்லப்பா. எண்ணிக்கையில் இருந்த அந்தக் கண்டிப்பு எழுத்தாளர்களின் பக்கங்களிலும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

ஆசிரியர் தாமே எழுத்தாளராகவும் இருப்பதால் விளையும் அனர்த்தம் தனி. செல்லப்பாவின் ‘ஜீவனாம்சம்’ அவர் நடத்திய பத்திரிகையிலேயே தொடராக வந்தது. நல்ல நாவல், ஆனால் இது வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தோடு அதன் பிரதியைப் படித்தவர் யார்? அந்தப் பழக்கம் முதுமை வரையில் தொடர்ந்ததன் பலனை மூன்று பாகங்களாக விரிந்த ‘சுதந்திர தாகம்’ காட்டுகிறது. அவர் மறைந்த பிறகு 2001-இல் சாகித்ய அகாதெமி அதற்குப் பரிசளித்தது. அந்த வாழ்க்கைக்குப் பரிசு தகும். அந்த நாவலுக்கோ பரிசைவிடக் கண்டிப்பான ஒரு நண்பர் அதிகம் தேவைப்பட்டார். ‘வாடிவாசல்’ போல ஒரு சொல் மிகாமல் எழுதத் தெரிந்த கைக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வது?

டி. எஸ். எலியட்டும் ஒரு பத்திரிகையின் ஆசிரியர்தான். தாம் தொடங்கிய ‘கிரைட்டீரியன்’ இதழில் 1922 அக்டோபரில் தம் ‘பாழ்நில’க் கவிதையைப் பிரசுரித்தார். சொந்தப் பத்திரிகைதானே என்று அவர் இருந்துவிடவில்லை. அதற்கு முன்பே கையெழுத்துப் பிரதியை எஸ்ரா பவுண்டிடம் கொடுத்து, பவுண்டு ஏறக்குறைய பாதியை அடித்துத் தள்ள, அதை ஏற்றும் கொண்டார். பவுண்டின் கோடுகளோடு அந்தப் பிரதி 1971-இல் அச்சாகியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி உண்டு, மறைக்கவில்லை. சிகாகோவில் ‘போயட்ரி’ பத்திரிகையை நடத்திய ஹாரியட் மன்றோ, வாலஸ் ஸ்டீவன்ஸின் ‘ஞாயிறு காலை’ என்ற கவிதையின் எட்டுப் பகுதிகளில் ஐந்தை மட்டும் 1915-இல் வெளியிட்டார். 1923-இல் ஸ்டீவன்ஸ் தம் முதல் தொகுதியில் எட்டையும் மீட்டுக்கொண்டார். மன்றோவின் வெட்டு தவறுதான். ஆனால் அதனால் கவிதை அழிந்துவிடவில்லை. எட்டு ஆண்டுகளில் சரியாகிவிட்டது.

நேரமில்லை, ஆளில்லை, பணமில்லை என்ற வாதம் ஒன்று பாக்கி. பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் தனியாக மெய்ப்புத் திருத்தும் மனிதரிடம் இன்னும் என்ன கேட்கிறீர்கள் என்பார்கள். அனுதாபத்துக்குரிய நிலைதான். ஆனால் இன்னொரு சிற்றிதழின் ஆசிரியர் இவரைப் பற்றி ஏதோ எழுதிவிட்டார் என்றால், அதே மனிதருக்குப் பதினான்கு பக்க மறுப்பு எழுத நேரம் கிடைத்துவிடுகிறது. அந்த மறுப்பில் மட்டும் ஓர் ஒற்றுப்பிழைகூட இருப்பதில்லை என்பதையும் கவனித்துவருகிறேன்.

எழுத்தாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு பத்திரிகைக்குப் போய்விடுவார்கள், அங்கே அப்படியே போட்டுவிடுவார்கள், ஆகவே ஒருவர் மட்டும் கண்டிப்பாக இருந்து என்ன பயன் என்று எனக்கு வேண்டிய நண்பர் ஒருவர் கேட்கிறார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயினும், இதழுக்கு ஆறு கதை வெளியிடும் ஆசிரியர் மூன்றை மட்டும் வெளியிட்டு, எஞ்சிய மூன்றை இன்ன இடத்தில் இன்ன குறை என்று விவரிக்கும் இரண்டு பக்கக் கடிதத்தோடு திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? இதழ் மெலியும், சந்தாதாரர்களில் சிலர் விலகுவார்கள். மெலிந்த இதழுக்கும் விலகிய சந்தாதாரருக்கும் பழகாதவர்களா நம் சிற்றிதழ்க்காரர்கள்?