காண்போர் வழங்கும் தீர்ப்பு

சங்க மலர் என்றால் குறளும் சிலம்பும் கம்பனும் பேசப்படும் இடம். அங்கே தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர் சிலர் வியக்கக்கூடும். ஆயினும், தங்கவயலில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாள்தோறும் கூடியிருந்து திறனாய்வு செய்வது இன்று எந்த நூலை? உண்மையைச் சொன்னால், எந்த நூலையும் அன்று. இரவு உணவின்போது திரையில் தோன்றும் போட்டியாளர்களைத்தான். ‘இவன் நல்லவன், அவள் நடிக்கிறாள், அவனை வெளியேற்ற வேண்டும்’ என்று நம் வீடுகளில் எழும் பேச்சும் ஒருவகைத் திறனாய்வே. அந்தத் திறனாய்வையே திறனாய்வு செய்ய முற்படுகிறது இக்கட்டுரை.

முதலில் போட்டிகளின் வகையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2001 செப்டம்பரில் ‘தி அமேசிங் ரேஸ்’ என்னும் பயணப் போட்டி தொடங்கியது. இருவர் இருவராக இணைந்த பதினொரு அணிகள் நாடு விட்டு நாடு ஓடின. நம் ஆக்ராவுக்கும் வந்தன. கடைசியாக வந்து சேரும் அணி வெளியேற வேண்டும் என்பது விதி. அங்கே தீர்ப்பளிப்பது காலம். ‘சர்வைவர்’ என்னும் போட்டி வேறு வகை. சுவீடன் நாட்டில் 1997இல் முதன்முதல் ஒளிபரப்பான இவ்வகைப் போட்டி, ஆட்களைத் தீவொன்றில் இறக்கிவிட்டு, அவர்களே தம்முள் வாக்களித்து ஒருவரையொருவர் வெளியேற்றச் செய்கிறது. அங்கே தீர்ப்பளிப்போர் உடனிருக்கும் கூட்டாளிகள். மூன்றாவது வகை ‘பிக் பாஸ்’. அது பயணமன்று, பூட்டிய வீடு. அங்கே யார் காப்பாற்றப்பட வேண்டும் என்று வாக்களிப்பவர் பார்வையாளர். காலம், கூட்டாளி, காண்போர் என மூன்று நீதிபதிகள். ஆயினும் நம் வீடுகளில் மூன்று வகைக்கும் ஒரே நீதிபதிதான். நாற்காலியில் சாய்ந்திருக்கும் நாமே அந்த நீதிபதி.

தமிழில் ‘சர்வைவர்’ 2021 செப்டம்பர் 12ஆம் நாள் ஜீ தமிழ்த் தொலைக்காட்சியில் தொடங்கி, அவ்வாண்டு டிசம்பர் 12இல் நிறைவு பெற்றது. நடிகர் அர்ஜுன் நடத்தினார். ஆப்பிரிக்காவின் தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவுப் பகுதியே களம். காடர்கள், வேடர்கள் என இரு அணிகள். பரிசு ஒரு கோடி ரூபாய். வென்றவர் நடிகை விஜயலட்சுமி. ‘காதல் கோட்டை’ இயக்குநர் அகத்தியனின் மகள். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டுத் திண்ணையிலும், அலுவலக உணவு வேளையிலும், பின்னர்த் தொடர்வண்டியிலும் நான் கேட்ட கருத்துரைகள் பல. கேட்டேன் என்பதோடு நில்லாமல், நானும் உரக்கச் சொன்னவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அக்கருத்துரைகளில் மிகுதியாக ஒலித்தது ‘துரோகம்’ என்னும் சொல். நேற்றுச் சிரித்துப் பேசியவரை இன்று வாக்களித்து வெளியேற்றிவிட்டாரே, இது துரோகமன்றோ என்பது வழக்கு. இங்கே நம்மவர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வாழ்க்கையின் அறம் வேறு. ஆட்டத்தின் விதி வேறு. தொல்காப்பியம் புறத்திணையை வெட்சியில் தொடங்குகிறது. வெட்சியாவது பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருதல். பிறன் மாட்டை ஓட்டிவருவது வாழ்க்கையில் களவு. போர் மரபிலோ அது போரின் தொடக்கம். இதை உணர்ந்த இலக்கண மரபு நம்முடையது. ஒருவரை ஒருவர் வெளியேற்றியே தீர வேண்டும் என்று விதி அமைத்த ஆட்டத்தில், வாக்களித்தவரைத் துரோகி என்பது, சதுரங்கத்தில் குதிரையை வெட்டியவனைக் கொலைகாரன் என்பது போன்றது. பழிக்கத்தக்கது விதிக்குப் புறம்பான வஞ்சனை. விதிக்குட்பட்ட சூழ்ச்சி அன்று.

அடுத்து, நாம் எதைக் கண்டு தீர்ப்பளிக்கிறோம் என்பதையும் எண்ண வேண்டும். இத்தகைய நிகழ்ச்சிகளில் பல ஒளிப்பதிவுக் கருவிகள் பகலும் இரவுமாகப் படம் பிடிக்கின்றன. நமக்குக் காட்டப்படுவதோ சிறு பகுதி. எஞ்சியவை தொகுப்பாளரின் மேசையில் கழிந்து போகின்றன. ஒருவர் சினந்து பேசியது காட்டப்படும். அதற்கு முன் அவர் பொறுத்திருந்த நேரம் காட்டப்படாமல் போகலாம். ஒருவர் அழுதது காட்டப்படும். அழச்செய்த சொல் விடுபட்டுப் போகலாம். ஆகவே திரையில் நாம் காணும் ‘நல்லவர்’, ‘கெட்டவர்’ எல்லாரும் பாதி மனிதர், பாதி பாத்திரங்கள். பாத்திரத்தைப் படைத்த ஆசிரியன் திரைக்குப் பின்னால் இருக்கிறான். நூலைத் திறனாய்வு செய்வோர் ஆசிரியனையும் கருத்திற் கொள்வர். நாம் மட்டும் அவனை மறந்து பாத்திரத்தை ஏசுகிறோம்.

இந்த இடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. கோவலனைக் கொல்லச் செய்தது எது? பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல். அரசன் அதை ஆராயவில்லை, மறுபக்கத்தைக் கேட்கவில்லை. நாள்தோறும் மாலையில் வரும் அரை நிமிட முன்னோட்டக் காட்சி நமக்குப் பொற்கொல்லன் சொல்லாகிவிடுகிறது. அதைக் கண்டதும் தீர்ப்பெழுதிவிடுகிறோம். பாண்டியனாவது தன் பிழையை உணர்ந்த கணத்தில் அரியணையிலேயே உயிர் நீத்தான். நாம் பிழையை உணர்ந்தால் அலைவரிசையை மாற்றிக் கொள்கிறோம்.

அக்காப்பியத்திலேயே மற்றொரு நிகழ்ச்சி இதனினும் நெருக்கமானது. புகாரிலிருந்து மதுரை நோக்கிக் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் நடந்து வருகின்றனர். உறையூரை அடுத்த சோலையில் அவர்களைக் கண்ட இருவர், இவர்கள் யார் என்று வினவுகின்றனர். என் மக்கள் என்கிறார் அடிகள். உடன்பிறந்தோர் கணவன் மனைவியாக வாழ்வதுண்டோ என்று அவ்விருவரும் எள்ளி நகைக்கின்றனர். வெகுண்ட அடிகளின் சாபத்தால் அவர்கள் நரிகளாகின்றனர். வழிநடையில் களைத்த பெண்ணொருத்தியை, அவள் யாரென்று அறியாமலே, வேடிக்கை பார்த்தவர் சொன்ன கருத்துரை அது! இன்னும் கருதத்தக்கது என்னவெனில், ஏசப்பட்ட கண்ணகியும் கோவலனுமே அவர்களுக்காக இரங்கி வேண்டுகின்றனர். சாபம் பன்னிரண்டு திங்களாகக் குறைகிறது. இளங்கோவடிகள் இந்நிகழ்ச்சியை வீணாக வைக்கவில்லை. பயணம் செய்வோர்க்குக் காடும் வெயிலும் மட்டுமன்றி, காண்போர் நாவும் ஒரு துன்பம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்று அந்த நா பல்லாயிரமாகப் பெருகியுள்ளது. 2017இல் தமிழ்ப் ‘பிக் பாஸ்’ முதன்முதல் வந்தபோது நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். அவ்வாண்டு சனவரியில் சென்னை மெரினாவில் நடந்த சல்லிக்கட்டுப் போராட்டத்தில் முழங்கி நாடறிந்தவரான ஜூலி என்னும் செவிலியர் அதில் போட்டியாளராகச் சென்றார். போற்றிய நாவே சில வாரங்களில் அவரைத் தூற்றியது. அவர் ஆட்டத்தில் பிழை செய்திருக்கலாம். ஆனால், பிழைக்கும் தூற்றலுக்கும் அளவுப் பொருத்தம் இருந்ததா? திரைத்துறைப் பின்புலம் உடையோர் செய்த பிழையைச் சுவையாகப் பேசிய நாம், உழைத்து உண்ணும் குடும்பத்துப் பெண் செய்த பிழையை மட்டும் மன்னிக்க மறுத்தோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உழைப்பாளிகளின் ஊரான தங்கவயலிலும் அவ்வாறு பேசினோம் என்பதுதான் என் வருத்தம்.

காண்போர் கருத்தெல்லாம் பிழையென்று நான் கூறவில்லை. ‘சர்வைவர்’ ஓடிய நாட்களில் என் தாயார் பார்த்த பார்வையே வேறு. யார் கயிற்றில் விரைந்து ஏறினார், யார் நீந்தி முந்தினார் என்று நாங்கள் வாதிட்டுக் கொண்டிருந்தபோது அவர் ஒருநாள் சொன்னார்: “பின்னாடி ஒரு பொண்ணு பேசாம விறகு பொறுக்கிட்டிருக்குது பாரு. அதப் பத்தி ஒருத்தரும் பேசமாட்டேங்கறீங்க.” நாங்கள் பார்த்தோம். திரையின் ஓரத்தில், கவனத்திற்கு வெளியே, அது நடந்து கொண்டிருந்தது. லைன் வீடுகளில் குழாயடியில் வரிசையில் நின்று குடம் சுமந்தவர் அவர். எனவே, யார் சுமக்கிறார், யார் சுமக்காமல் பேசுகிறார் என்று அவர் கண் தானாகவே தேடியது. பட்டறிவிலிருந்து எழும் இத்தகைய பார்வை எந்தத் திறனாய்வாளனுக்கும் வாய்க்க வேண்டிய ஒன்று.

என் தந்தையார் சேம்பியன் ரீப் சுரங்கத்தில் தொழிலாளியாக இருந்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சுரங்கம் அது. இவ்வகைப் போட்டியில் ஒருவர் வெளியேறும்போது அவருடைய தீப்பந்தத்தை அணைப்பது சடங்கு. அதைக் கண்ட எங்கள் பக்கத்து வீட்டு இளைஞர், “தகுதியில்லாதவன் போக வேண்டியதுதானே, பெரியப்பா?” என்றார். தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கடைசி ஷிப்டு முடிஞ்சு நானும் விளக்கறையில தலைவிளக்கைக் கொடுத்துட்டுத்தான் வந்தேன். எனக்கு என்ன தகுதி இல்லாமப் போச்சு?” என்றார். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. எத்தனையோ வீடுகளில் ஒரே நாளில் தொழில் போயிற்று. அவ்வீடுகளில் ஒன்றில் இருபது வயது இளைஞனாக நான் இருந்தேன். வெளியேற்றப்படுவோர் எல்லாரும் தகுதியற்றோர் அல்லர் என்பதை நமக்கு வேறு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மாரிகுப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அதற்குச் சான்று. அப்படிப்பட்ட நாம், தோற்றவரைப் பார்த்து ‘லாயக்கற்றவன்’ என்று சொல்லலாமா?

இனி, நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். அந்நிகழ்ச்சியில் தன் கருத்தை அஞ்சாமல் உரக்கச் சொன்ன பெண்களை நான் ‘வாயாடி’ என்று பலமுறை பழித்தேன். அவ்வாறே பேசிய ஆடவரைத் ‘துணிச்சல்காரன்’ என்றேன். வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. அப்போது என் மகள் பத்தாம் வகுப்பு. நவம்பர் முதல் நாள் வரும் கன்னட ராஜ்யோத்சவ விழாவுக்காகப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் பெயர் கொடுத்திருந்தாள். வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமுமாக வளர்ந்த பிள்ளை. இரண்டிலும் தெளிவாகப் பேசுவாள். போட்டிக்குச் சில நாள் முன்பு பெயரைத் திரும்பப் பெற்றுக் கொண்டாள். ஏனென்று கேட்டேன். “உரக்கப் பேசினால் உங்களுக்கே பிடிப்பதில்லையே, அப்பா. ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் பிடிக்குமா?” என்றாள். நான் யாரைப் பற்றிச் சொன்னேன் என்று விளக்க முயன்றேன். சொல்லச் சொல்ல, என் விளக்கம் எனக்கே நாணம் தந்தது. அவ்வாண்டு அவள் மேடையேறவில்லை.

ஆயிரம் காதத்துக்கு அப்பால் உள்ள தீவில் இருந்த பெண்ணுக்கு என் சொல் கேட்கவில்லை. கேட்டது என் வீட்டுப் பெண்ணுக்கு. திரையில் தோன்றுவோர்மீது நாம் எறியும் சொற்கள் திரையில் பட்டுத் திரும்பி, அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள்மீதே விழுகின்றன. எப்படி நடந்தால் அப்பா பழிப்பார், எப்படிச் சிரித்தால் அத்தை முகம் சுளிப்பார் என்று அவர்கள் மனத்தில் ஒரு சட்டநூல் உருவாகிறது. சொந்த ஊரைவிட்டு வந்து, இன்னொரு மொழி வழங்கும் மண்ணில் நான்கைந்து தலைமுறையாக வாழும் நமக்கு, வாய் திறந்து பேசும் பிள்ளைகள் எவ்வளவு தேவை என்பதைத் தனியே கூற வேண்டுமா?

குணத்தையும் ஆராய்ந்து, குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுதி எதுவோ அதைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுமாறு ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் வழி காட்டியுள்ளார். அந்த வழி அரசனுக்கு மட்டும் உரியதன்று. தொலைக்காட்சியின் முன் அமரும் நமக்கும் உரியது. ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், நாம் கண்டது முழுமையா என்று கேட்போம். பழிப்பது ஆட்ட விதியையா, ஆளையா என்று பிரித்துப் பார்ப்போம். இதே செயலை ஓர் ஆடவர் செய்திருந்தால், அல்லது நம் வீட்டுப் பிள்ளை செய்திருந்தால், இதே சொல்லைச் சொல்வோமா என்று எண்ணிப் பார்ப்போம். இவ்வளவும் செய்த பிறகு வாதிடுவோம்; உரக்கவே வாதிடுவோம். குடும்பம் கூடியிருந்து வாதிடுவது நல்லதே.

என் மகள் இப்போது கல்லூரிக்காக நாள்தோறும் அதே வண்டியில் என்னுடன் பெங்களூர் வருகிறாள். வண்டியில் போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றிய பேச்சு எழும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதுண்டு. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருக்கிறாள் போலும். அந்தப் பார்வைக்கு முன்னால் நிதானித்துப் பேச இன்றளவும் பழகி வருகிறேன்.