கூலியும் விலையும் கதையும்

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பர். பள்ளிக் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் பன்முறை எடுத்தாளப்பெற்றுத் தேய்ந்துபோன இத்தொடர், மலேசியத் தமிழ்ப் புனைகதைக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஆராய்ந்தவர் சிலரே. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பதினைந்து ஆண்டுகளில் கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் வாழ்ந்த பால்மரத் தொழிலாளி என்ன கூலி பெற்றான்? அக்கூலியில் எத்தனை நாளைக்கு அரிசி வாங்கினான்? எஞ்சிய காசை எதற்குச் செலவிட்டான்? எந்தப் படத்தைப் பார்க்க எத்தனை கல் நடந்தான்? மாணவன் ஒருவன் இவ்வெளிய வினாக்களை எழுப்பினால், விடை கூறக்கூடிய கதைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தோட்டத்து வாழ்வைப் பாடாத எழுத்தாளர் இலர். லயமும் பெரட்டுக்களமும் கங்காணியும் கள்ளுக்கடையும் இடம்பெறாத தொகுப்புகள் அரியன. ஆயினும் அவற்றுட் பலவற்றில் வறுமை என்பது ஒரு சொல்லாக நிற்கிறதேயன்றி ஒரு கணக்காக விரிவதில்லை. நாயகன் ஏழை என்று ஆசிரியர் கூறுகிறார். அவன் கையில் எத்தனை காசு இருந்தது என்பதைக் கூறுவதில்லை. கண்ணீர் பெருகுகிறது, பற்றுப் புத்தகம் திறக்கப்படுவதில்லை. இக்குறை சிறிய குறை அன்று.

மரபு காட்டும் வழி

விலையைச் சொல்வது இலக்கியத்திற்கு இழுக்கு என்று கருதுவோர் உளர். தமிழ் மரபு அவ்வாறு கருதியதில்லை. அகநானூற்றுப் பாடல் ஒன்றில் உமணர் மகள், நெல்லுக்கு உப்புச் சரிக்குச் சரி எனக் கூவிக்கொண்டு சேரியிடையே வருகிறாள். அப்பாடல் அவளைக் கண்டு மயங்கிய ஒருவனின் காதற்பாடல். எனினும் பண்டமாற்றின் அளவு அதனுள் நிலைபெற்றுவிட்டது. அவள் யார், அவள் குடும்பம் எதனால் வாழ்கிறது என்பதனை அவ்விலைக்கூற்றே உணர்த்திவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவியின் மாலைக்கு 1008 கழஞ்சு பொன் என்று இளங்கோவடிகள் விலை குறிக்கின்றார். கூனி கையில் மாலையைத் தெருவில் விலைகூற வைத்து, கோவலனை அதை வாங்கவும் வைக்கின்றார். அந்த எண்ணைக் கேட்ட கற்போன், பின்னர்ச் சிலம்பைத் தவிர வேறொன்றும் எஞ்சாத நிலைக்குக் கோவலன் வரும்போது, வீழ்ச்சியின் ஆழத்தைத் தானே அளந்துகொள்கிறான்.

இக்காலச் சிறுகதையிலும் இம்மரபு தொடர்கிறது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைக்கு வந்த கடவுள், காப்பிக்கடையில் நூறு ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறைத் தொல்லைக்கு ஆளாகிறார். கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில், ஏழைத் தாய் ஒருத்தி தீபாவளிக்கென்று எண்ணி வாங்கிய துணிகளுள் ஒன்று, வாசலுக்கு வந்த ஆதரவற்ற சிறுவனுக்குச் சென்று சேர்கிறது. அவ்வீட்டில் துணிகள் எத்தனை என்று கற்போன் முன்னரே அறிந்திருப்பதால்தான் அத்தாயின் ஈகை நெஞ்சை உருக்குகிறது. இவ்வாசிரியரே 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றி, இந்நாட்டு இளம் எழுத்தாளர்களை நெறிப்படுத்தியவர். அதற்குச் சற்று முன்னர், 1950இல், அதே இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பும் ஒரு தலைமுறைக்குக் கதையாக்கம் பயிற்றியது. நல்லாசிரியர்கள் அமைந்திருந்தனர்; அக்காலத்து வாழ்விலும் கதைப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

காலம் தந்த பொருள்

1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் வழங்கிய நோட்டை மக்கள் ‘வாழைமர நோட்டு’ என்றனர். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்தது. நாளாக ஆக நோட்டுகள் பெருகின, பண்டங்கள் அருகின, அரிசி உண்டவர் மரவள்ளிக்கிழங்கு உண்டனர். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் மீண்டபோது அந்நோட்டுகள் செல்லாக் காகிதமாயின. சயாம் ரயில் பாதைக்குப் போய் மீளாதவனின் மனைவி, பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த கட்டு ஒரே நாளில் அடுப்பெரிக்கும் தாளாயிற்று என்றால், அதனினும் பெரிய கதைக்கரு வேறு வேண்டுமோ?

1946 மார்ச்சு வரை நடைபெற்ற ஆங்கில இராணுவ நிருவாகத்தின் பெயர்ச் சுருக்கமான மூன்று எழுத்துகளுக்கு மக்கள் ‘கள்ளச்சந்தை நிருவாகம்’ என்று விரிவுரை கண்டனர். அரிசி பங்கீட்டில் கிடைத்தது; பங்கீடு போதாதபோது கள்ளச்சந்தை அழைத்தது. 1948இல் அவசரகாலம் பிறந்தது. உணவுக் கட்டுப்பாடு நிலவிய இடங்களில் தொழிலாளி பால்வெட்டுக்குச் சோறு எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. கடைக்காரர் தகரத்தில் அடைத்த உணவைத் துளையிட்டே விற்க வேண்டியிருந்தது. காட்டிலிருந்த போராளிகளுக்கு அது சேமிப்புப் பொருளாகக் கூடாது என்பதே காரணம்.

1950இல் கொரியப் போர் மூண்டது. 1949இல் இறாத்தல் 40 காசுக்கும் குறைந்திருந்த ரப்பர், 1951இல் அதன் நான்கு மடங்குக்கும் மேலான சராசரி விலையை எட்டியது. எங்கோ நிகழ்ந்த போர் கிள்ளான் தோட்டத்து லயத்தில் சம்பள நாளின் முகத்தை மாற்றியது. பின்னர் விலை விழுந்தபோது கூலியும் ஆட்டங்கண்டது. 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ரப்பர் விலையையும் கூலியையும் குறித்தே பேச்சு நடத்த வேண்டியிருந்தது. உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வு ஒரு குடும்பத்தின் தீபாவளிப் புடவையில் தெரிந்த காலம் அது.

படைப்புகள் சில

இக்காலத்தைத் தொட்ட படைப்புகள் இல்லாமலில்லை. அ. ரெங்கசாமியின் ‘புதியதோர் உலகம்’ ஜப்பானியர் காலத் தோட்ட வாழ்வையும், ‘லங்காட் நதிக்கரை’ அவசரகாலத்தில் இரு தரப்பிற்கும் இடையே அகப்பட்ட எளிய மக்களையும் சித்திரிக்கின்றன. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அப்பெருந்துயரை நாவலாக்கிய முயற்சி. இவை வரலாற்றின் பெருநிகழ்ச்சிகளை மறதியினின்றும் மீட்டவை, அவ்வகையில் போற்றத்தக்கவை. பெருநிகழ்ச்சிகளுக்கிடையே கழிந்த சாதாரண நாள்களின் வரவுசெலவைத் தனிப்பொருளாகக் கொண்ட நாவல்தான் இன்னும் தேவைப்படுகிறது.

அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. மேடானிலும் பினாங்கிலும் வாழ்ந்து 1946இல் தமிழகம் திரும்பிய ப. சிங்காரம் எழுதிய ‘கடலுக்கு அப்பால்’ அது. வட்டிக்கடையில் வளர்ந்த செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போர்க்களம் கண்டு மீள்கிறான். மகளை அவனுக்கு மணமுடிக்க இருந்த முதலாளி வானாயீனா இப்போது மறுக்கிறார். துப்பாக்கி ஏந்திய கை பெட்டியடிக்கு உதவாது என்பது அவர் கணிப்பு. அவர் கொடியவர் அல்லர், கணக்கர். மருமகனும் அவருக்கு ஒரு முதலீடு. கடைத்தொழிலின் நடைமுறையை ஆசிரியர் உள்ளிருந்து அறிந்து எழுதியமையால், காதலின் தோல்வி விதியால் வந்ததாகத் தோன்றாமல் ஒரு வாழ்க்கை முறையின் விளைவாகத் தோன்றுகிறது. செட்டித்தெருவுக்குச் சிங்காரம் செய்ததைப் பால்மரத் தோட்டத்திற்கும் ஒருவர் செய்தல் வேண்டும்.

பிறநாட்டுச் சான்று ஒன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. போருக்குப் பின் செல்வம் கொழித்த நாடு அமெரிக்கா. மலாயாவில் அரிசிக்கு வரிசை நின்றபோது, அங்கே குளிர்பதனப் பெட்டியும் மோட்டார் வண்டியும் நடுத்தர வீட்டின் அடையாளங்களாயின. அவ்வளத்தின் நடுவே 1949இல் அரங்கேறிய ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ நாடகத்தில், மனைவி லிண்டா குளிர்பதனப் பெட்டிக்கும் துணி துவைக்கும் பொறிக்கும் கட்டவேண்டிய தவணைகளை எண்ணிக் கூறுகிறாள். வீட்டுக் கடனின் இறுதித் தவணை கணவனை அடக்கம் செய்யும் நாளில் தீர்கிறது. செல்வ நாட்டின் எழுத்தாளர் காசை எண்ணிக் காட்டியிருக்கிறார். காசுக்குக் காசு எண்ணி வாழ்ந்த மக்களின் எழுத்தாளர் அதை எண்ணத் தயங்குவது விந்தையே.

சைக்கிளும் சினிமாவும்

விலையைப் போன்றே புறக்கணிக்கப்பட்டது மக்களின் பொழுதுபோக்கு. சைக்கிளை எடுத்துக்கொள்ளலாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ‘தமிழ் நேசனில்’ பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். அவர் கைதான பின் எழுந்த கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து தொழிலாளர் உயிரிழந்தனர். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலியும் கள்ளுக்கடை மூடலும் மட்டும் அவர்தம் கோரிக்கைகள் அல்ல. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வண்டியின்மீது அமர்ந்து செல்லும் உரிமைக்கும் போராட வேண்டியிருந்தது. போருக்குப் பின்னர் ஒரு தொழிலாளி சைக்கிள் வாங்கினான் என்று எழுதும் கதாசிரியர் இதனை அறிந்திருப்பாராயின், ஒரே வாக்கியத்தில் ஒரு சமுதாயத்தின் நிமிர்வைக் காட்டிவிடலாம்.

சினிமாவும் அத்தகையதே. சீர்திருத்த நோக்குடைய கதைகளில் அது கள்ளுடன் இணைத்துக் கண்டிக்கப்படுகிறது. கண்டனத்தில் உண்மை உண்டு. சம்பளக் காசு கொட்டகையில் கரைந்தது. ஆயினும் 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’யைக் கண்ட மலாயாத் தொழிலாளி வேறொன்றையும் கண்டான். கடல் கடந்து ரங்கூனில் வாழ்ந்த குடும்பம் போரால் சிதறுவதும், பொருளோடு தாயகம் திரும்பியவன் அதனை இழந்து தெருவில் நிற்பதும் அவனுக்குக் கட்டுக்கதையாகப் பட்டிரா. எழுத்தறியாதவர்க்கும் அடுக்குத் தமிழைச் செவிவழி ஊட்டியவை அக்காலப் படங்களின் உரையாடல்களே. 1946இல் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ்ப் பகுதியும் அப்பணியைச் செய்தது. காசு போயிற்று, மொழி வந்தது என்ற இரண்டையும் ஒருசேரச் சொல்வதே நேர்மை. ஒன்றை மட்டும் சொல்வது கதையாகாது, அறிவுரையாகும்.

ஒரு மறுப்பும் விடையும்

விலைப்பட்டியல் இலக்கியமாகுமா என்று கேட்கலாம். ஆகாது. அரிசி என்ன விலை என்பது செய்தி. அரிசிக்கு வைத்திருந்த காசில் மகனுக்குப் பலகையும் குச்சியும் வாங்கிய தாய், அன்றிரவு தனக்குப் பசியில்லை என்று சொன்னாள் என்பது கதை. விலை தெரிந்தாலன்றி அவள் சொன்ன பொய்யின் அளவு தெரியாது. எதைப் பெற எதை விட்டார்கள் என்று காட்டும் இடத்தில் மட்டுமே எண் இலக்கியமாகிறது. பிற இடங்களில் அது வரலாற்று நூலுக்கு உரியது.

இப்பணிக்குக் காலம் அதிகமில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. புக்கிட் ராஜா என்றவுடன் பால்மரம் நினைவுக்கு வராத தலைமுறை எழுந்துவிட்டது. வாழைமர நோட்டைக் கையில் எண்ணியவர்கள் அருகி வருகின்றனர். உயர்நிலை வகுப்பு ஆசிரியர் ஒருவர் தம் மாணவரிடம், வீட்டு முதியவரை அணுகி அவருடைய முதற்கூலி எவ்வளவு, அதில் முதலில் வாங்கிய பொருள் யாது, அதனை யாருக்குக் கொடுத்தார் என்ற மூன்று வினாக்களுக்கு விடை எழுதிவரச் சொல்லலாம். முதலிரு விடைகள் வரலாற்றுக்கு உதவும். மூன்றாம் விடையில் பெரும்பாலும் ஒரு சிறுகதை இருக்கும். அதை எழுதத் தெரிந்த மாணவன் அவ்வகுப்பிலேயே அமர்ந்திருக்கவும் கூடும்.