மூன்று படிச் சொல்

ஆங்கிலத்தில் 'நியர்' என்றால் பக்கத்தில். பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு 'இன்னும் பக்கத்தில்' என்று பொருள். வெறும் 'பக்கத்தில்' என்பதற்கு 'நை' இருந்தது. 'மிக மிகப் பக்கத்தில்' என்பதுதான் இன்றைய 'நெக்ஸ்ட்'. நை, நியர், நெக்ஸ்ட்: ஒரே சொல்லின் மூன்று படிகள்.

காலப்போக்கில் நடுப்படி முதற்படியை விழுங்கிவிட்டது. வைக்கிங்குகளோடு வந்த நார்ஸ் மொழியிலும் இதே சாயலில் ஒரு சொல் இருந்ததே அதற்குத் தோள் கொடுத்தது என்பார்கள். பிறகு ஒப்பிட வேறு சொல் வேண்டுமே? 'நியரர்' என்று மறுபடி ஒரு விகுதியை ஒட்டினார்கள். 'அதிகத்தை விட அதிகம்' என்கிற கதைதான். எந்த இலக்கண வாத்தியாரும் அதற்குச் சிவப்பு மை போடுவதில்லை.

'நை'யின் எழுத்துக்கூட்டலில் (nigh) கடைசி இரண்டு எழுத்துகள் வாய் திறப்பதில்லை. ஒருகாலத்தில் தொண்டையிலிருந்து உரசி வந்த ஒலி அவை. ஒலி போயிற்று, எழுத்து மட்டும் காலி வீட்டுப் பெயர்ப்பலகையாகத் தொங்குகிறது.

இன்று 'நை' பெரும்பாலும் பழைய பைபிள் நடையில்தான் கண்ணில் படும். ஆனால் 'நெய்பர்' என்ற சொல்லுக்குள் சௌக்கியமாகக் குடியிருக்கிறது. அதன் பின்பாதி பழைய ஆங்கிலத்தின் 'கெபூர்'. குடியிருப்பவன், உழவன் என்று பொருள். தென்னாப்பிரிக்காவின் டச்சுக் குடியானவர்களைக் குறிக்கும் 'போயர்' இதற்கு உறவுக்காரச் சொல். அருகாமையைக் குறிக்கும் 'விசினிட்டி'யும் 'பிராக்ஸிமிட்டி'யும் லத்தீன் வழி வந்தவை. அலுவலகக் கடிதத்துக்குச் சரி. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட 'நெய்பர்'தான் லாயக்கு.