நாற்காலி இல்லாத கூடம்

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நார்ஃபோக் மாளிகையின் இசைக்கூடம் இருக்கிறது. 1938-ல் மாளிகையை இடித்தபோது தப்பித்த அறை. வெள்ளைச் சுவரில் தங்க வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். பழைய வீடு என்றால் இப்படித்தான் நிறைந்திருக்க வேண்டும் என்று எண்ணி, பழைய வீடுகளைப் பெயர்த்துவந்து கட்டிய முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போகிறவர்கள், செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்று, "சாமான் செட்டையே காணோமே" என்கிறார்கள்.

எனக்கோ அந்த வெறுமைதான் பிடிக்கிறது. அந்த வீடுகளில் சாமானுக்கு இடம் அறைக்குள். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான பிள்ளைகளுக்குப் பங்கு. மருமகள் கொண்டுவந்த சீர், பித்தளை அண்டா முதல் எனாமல் அடுக்கு வரை, அங்கே பூட்டிக் கிடக்கும். புழக்கமெல்லாம் வெளியே. பாய் விரித்தால் படுக்கை, இலை போட்டால் பந்தி. சுருட்டி எடுத்துவிட்டால் தரை. பெல்ஜியம் கண்ணாடியும் தொங்குவிளக்கும் பர்மா பணத்தோடு வந்தவை. பெரும்பாலும் வந்தவர் பார்க்கும் முன்கூடத்தோடு நின்றுவிட்டன.

டெபோரா தியாகராஜன் முயற்சியில், லாரி பேக்கர் வகுத்த அமைப்பில், 1996 டிசம்பரில் திறந்த இடம் தட்சிணசித்ரா. இடிபட இருந்த வீடுகளை வாங்கி, பிரித்து, ஏற்றிவந்து கட்டினார்கள். இல்லாவிட்டால் அவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கதவு தனி, தூண் தனியாக விலைபோயிருக்கும். அந்தத் தெருவில் கிடைக்கும் எனாமல் சட்டி அழகுதான். ஆனால் எந்த அறையில், யார் பங்கில் இருந்தது என்று அது சொல்லாது.

பெயர்த்துவந்த வீட்டைப் பார்க்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: மரம் வரும், சுவர் வராது. பொருத்தைக் கழற்றி, எண் போட்டு, தூணையும் நிலையையும் மறுபடி நிறுத்திவிடலாம். கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சை எப்படிப் பெயர்ப்பது? அதனால் சுவரை விட்டுவிட்டு மரத்திடம் போங்கள். நிலையின் மேற்பகுதிச் செதுக்கலை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் கொஞ்சம் குனிந்து, கைபடும் உயரத்தில் தேக்கு எப்படி மழுங்கியிருக்கிறது என்று பாருங்கள். எந்தத் தச்சனாலும் அந்த வழவழப்பைக் கொடுத்துவிட முடியாது.

மரத்தை ரசிக்க இன்னும் நல்ல இடம், கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு. 1850-ல் கட்டியது. வாசலுக்கு நேரே வரவேற்பறையை எதிர்பார்த்தால் நெல்லறை நிற்கிறது. வீட்டின் செல்வம் எதுவோ அதற்கே நடு இடம். செட்டிநாட்டு வீட்டைவிட இதையே நான் ஒரு படி மேலே வைப்பேன். பகட்டு குறைவு, தச்சு வேலை அதிகம்.

உச்சி வெயிலில் போகாதீர்கள். வளவில் சாய்வெளிச்சம் விழும் மாலைதான் தோது. செவ்வாய்க்கிழமை விடுமுறை.