வேள்விப் புகையும் விதை முளைத்த கதையும்

“வேள்விப் புகை காற்றைத் தூய்மையாக்கும், மந்திர ஒலி பயிரை வளர்க்கும்” என்று படித்தவர்களே மேடையில் பேச நீங்கள் கேட்டிருப்பீர்கள். “விஞ்ஞானிகளே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்” என்பதும் கூடவே வரும். அதற்குச் சான்றாகக் காட்டப்படும் ஊர்களுள் ஒன்று கேரளத்தின் பாஞ்ஞாள். அந்தச் சான்றை நாமும் சற்று உரசிப் பார்ப்போமே!

திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூரில் 1975 ஏப்ரலில் நம்பூதிரிகள் அதிராத்ரம் என்னும் வேள்வியை 12 நாள்கள் நடத்தினர். பறவை வடிவில், ஐந்து அடுக்குகளாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்கற்களால் மேடை எழுப்பினர். டச்சு அறிஞர் ஃபிரிட்ஸ் ஸ்டால் முன்னின்று இதைப் படமாக்கினார். 1983-இல் இரு பெருந்தொகுதிகளாக நூலும் வெளியிட்டார். ஆட்டுப் பலிக்கு எதிர்ப்பு எழுந்தபோது, அரிசி மாவை வாழையிலையில் பொதிந்து ஈடாக வைத்தார்கள். (மாறாதது என்று சொல்லப்படும் சடங்கும் தேவை வந்தால் மாறும், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) ஸ்டாலின் கவனத்தை ஈர்த்தவை ஓதும் முறையும் சடங்கின் விதியமைப்புமே. புகையில் அவர் மருந்து தேடவில்லை.

2011 ஏப்ரலில் அதே ஊரில் மீண்டும் அதிராத்ரம் நடந்தது. இம்முறை அளவுக் கருவிகளும் வந்தன. வேள்விச் சாலையருகே விதைகள் விரைந்து முளைத்தன, காற்றில் பாக்டீரியாக்கள் குறைந்தன என்று செய்தித்தாள்கள் எழுதின. அளக்க முன்வந்ததைப் பாராட்ட வேண்டும். ஆனால் அளந்தால் மட்டும் போதுமா?

ஒரு வேள்விச் சாலையில் தீ இருக்கிறது, புகை இருக்கிறது, நெய் இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, பெருங்கூட்டமும் இருக்கிறது. விதை விரைந்து முளைத்தது எதனால்? தீயருகே மண் சூடேறும். அளவான வெப்பத்தில் விதை விரைந்து முளைக்கும் என்பது நம் உழவர்களுக்குப் புதிதன்று. மந்திரத்தின் பங்கை அறிய வேண்டுமானால் மூன்று பந்தல்கள் வேண்டும். ஒன்றில் தீயும் மந்திரமும். மற்றொன்றில் அதே விறகு, அதே நெய், ஆனால் மந்திரம் இல்லை. மூன்றாவதில் மந்திரம் மட்டும், தீ இல்லை. ஒரே மண், ஒரே அளவு நீர். எந்தத் தட்டு எந்தப் பந்தலிலிருந்து வந்தது என்று முளைகளை எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. இதையும் பலமுறை செய்து பார்க்க வேண்டும். ஒரே ஒரு வேள்வியின் அருகே விதை வைத்துப் பார்த்த சோதனை இந்த வினாவுக்கு விடை தராது.

வேள்வி முடிவில் மழை பெய்தது என்பார்கள். ஏப்ரலில் கேரளத்தில் கோடை இடிமழை பெய்வது வழக்கம். மாம்பழ மழை என்று அதற்குப் பெயரே உண்டு!

புகைப் பேச்சு இவ்வளவு எளிதில் விடத்தக்கதன்று. விறகு எரியும்போது பார்மால்டிஹைடு உண்டாகிறது, அது கிருமிநாசினி, ஆகவே புகை நல்லது என்று வாதிடுகிறார்கள். பார்மால்டிஹைடு கிருமியைக் கொல்வது உண்மைதான். அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முடிவு செய்ததும் உண்மையே. கூடவே கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் வருகின்றன. சாளரமில்லாத கூடத்தில், ஆஸ்துமா உள்ள குழந்தையை “நல்லதுதான், உட்கார்” என்று ஓமகுண்டத்தருகே இருத்துகிறவர்கள் இதைக் கேட்டாக வேண்டும். ஓமம் செய்வது அவரவர் விருப்பம். கதவைத் திறந்து வையுங்கள்; இருமும் குழந்தையை வெளியே அனுப்புங்கள்.

இந்த வேள்விக்கும் அறிவியலுக்கும் உறவே இல்லையா? உண்டு, ஆனால் அது செங்கல்லில் இருக்கிறது. மேடையின் வடிவம் எதுவாயினும் பரப்பு விதித்த அளவில் இருக்க வேண்டும் என்பதால் சுல்ப சூத்திரங்கள் வடிவியலை வளர்த்தன. இரண்டின் வர்க்க மூலத்துக்கு அவை தரும் மதிப்பு 1.4142157, சரியான மதிப்பு 1.4142136. கயிறும் முளைக்குச்சியும் வைத்திருந்தவர்கள் கண்டது இது! பாக்டீரியாவைப் பற்றிப் பேசுவோர் இதை ஏன் பேசுவதில்லையோ?

கூட்டாக ஓதுவதிலும் உண்மை உண்டு. 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரைக் கொண்டு செய்த சோதனை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. லத்தீன் ஜெபமாலையை ஓதினாலும், “ஓம் மணி பத்மே ஓம்” என்று ஓதினாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அதே தாளத்தில் ஏறி இறங்கின. இரு சமயம், இரு மொழி, விளைவு ஒன்று. பஜனை முடிந்தபின் மனம் அமைதியடைகிறது என்று உங்கள் பாட்டி சொன்னால் மறுக்காதீர்கள். அந்த அமைதியில் மூச்சுக்கும் பங்கு உண்டு.

நீங்களே சோதிக்கலாம். அமைதியாக அமர்ந்து ஒரு நிமிட மூச்சை நண்பரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு, பத்து நொடிக்கு ஒரு வரி வருமாறு, ஒவ்வொரு வரிக்கும் ஒரே மூச்சாக, உங்களுக்குப் பிடித்த பாடலை ஓதுங்கள். மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். அடுத்து அதே வேகத்தில் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஓதுங்கள். மூன்று எண்களையும் அருகருகே எழுதி வையுங்கள்.