பாத்திரத்தில் வெட்டிய பெயர்

மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லிக்கு அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்கு அது பிறந்த ஊர். ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். சில வருடங்களுக்கு முன் அப்படிப் போனபோது, தரிசனம் முடித்து ஒரு மண்டபத்தில் உபன்யாசம் கேட்க உட்கார்ந்தோம். கேட்டவர்களில் முக்கால்வாசி பெண்கள். பேசியவர் ஆண். "இன்னிக்கு வீட்ல மிக்சி இருக்கு, கிரைண்டர் இருக்கு, ஆளுக்கொரு செல்போன் இருக்கு. சந்தோஷம் இருக்கா? அம்மியில அரைச்ச நம்ம பாட்டிமார் முகத்துல இருந்த சந்தோஷம் உங்க முகத்துல இருக்கா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. சிலர் தலையாட்டினார்கள். அம்மா என் பக்கம் குனிந்து, "இவுக வீட்ல யாரு அரைச்சாகளாம்?" என்றாள்.

பொருள் மகிழ்ச்சி தருமா என்பது பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்வி. தராது என்று அடித்துச் சொல்கிறவர்களில் பலர், அந்தப் பொருள் செய்யும் வேலையை ஒரு நாளும் தன் கையால் செய்திராதவர்கள். என் ஆச்சி ஆட்டுரலில் மாவாட்டினாள். ஒரு கை குழவியைச் சுற்ற, மறுகை மாவைத் தள்ளிவிட, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசிக் காலத்தில் தன் தலையைத் தானே சீவிக்கொள்ள வலது கை தூக்க வராது. அவள் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று அந்த உபன்யாசகர் எந்த நேரத்தில் பார்த்திருப்பார்?

அன்றைக்கு அவர் விளக்கிக்கொண்டிருந்தது திருப்பாவையின் 27ஆம் பாசுரம். நம் மரபில் ஒரு பெண் ஆசையைக் கூச்சமில்லாமல் வரிசைப்படுத்திச் சொன்ன இடம் அது. கைக்கும் தோளுக்கும் காதுக்கும் காலுக்கும் நகை வேண்டும், இன்னும் பல அணிகள் வேண்டும், புதுத்துணி வேண்டும், முழங்கை வழியாக நெய் வழிகிற பால்சோறு வேண்டும் என்கிறாள் ஆண்டாள். 2ஆம் பாசுரத்தில் நெய்யும் பாலும் உண்ண மாட்டோம், மையும் பூவும் வைக்க மாட்டோம் என்று நோன்புக்காக விட்டவற்றையெல்லாம் இங்கே வட்டியோடு திரும்பக் கேட்கிறாள். உபன்யாசகர் அதைத் தாண்டி 29ஆம் பாசுரத்துக்கு ஓடினார். இன்று தரப்படும் பறைக்காக நாங்கள் வரவில்லை என்று அதில் வருகிறதல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு ஆண்டாளைத் துறவியாக்கிவிட்டார். வரிசையைக் கவனிக்க வேண்டும். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, அதன்பின்தான் இது மட்டும் போதாது என்கிறாள். அனுபவிக்காத ஒன்றை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இன்னொன்று, அந்தப் பால்சோற்றை அவள் எல்லோரோடும் கூடியிருந்துதான் உண்ணுகிறாள். பரிமாறிவிட்டு மிச்சத்தை அடுப்படியில் நின்று தின்னவில்லை.

இதைச் சொல்வதால் பொருள் வந்தால் போதும் என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். 2011இல் ஜெயலலிதா அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு வந்த அன்று அம்மா ரேஷன் கார்டோடு வரிசையில் நின்றாள். முதலமைச்சர் படம் ஒட்டிய அந்தக் கிரைண்டரைத் துடைத்து இரண்டு நாள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். இலவசம் மக்களைக் கெடுக்கிறது என்று அப்போது நிறையப் பேசினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் இவற்றை வாக்களிப்பது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. கெட்டுப்போனது யார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அம்மாவின் தோள் பிழைத்தது.

ஆனால் மிச்சமான நேரம் அம்மாவுக்குக் கிடைத்ததா? மாவு ஆட்டுவது சுலபமானதும் வாரத்தில் இரண்டு நாள் இருந்த இட்லி தோசை தினப்படி ஆனது. ராத்திரி பத்து மணிக்கு வருகிற அப்பாவுக்கும் சூடாகத் தோசை. "மாவுதான் இருக்குல்ல" என்பது வீட்டின் புதுச் சட்டமானது. மீதி நேரத்தில் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிகளுக்குத் தார் சுற்றினாள். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் இதைத்தான் காட்டினார்: வீட்டுக் கருவிகள் வந்தபோது அங்கேயும் பெண்களின் வேலை நேரம் குறையவில்லை, எதிர்பார்ப்புதான் கூடியது. 2019ஆம் ஆண்டு இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அந்த வேலைப் பக்கமே வராத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் பொருளே இல்லாமலும் இல்லை. 1984இல் அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்தவை: பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் குடங்கள், கட்டில், பீரோ. பாத்திரம் எல்லாவற்றிலும் தாத்தாவின் பெயர் வெட்டியிருக்கும். சில வருடம் கழித்து என் அத்தைக்குக் கல்யாணம் ஆனபோது பெரிய அண்டா அந்தச் சீரில் போய்விட்டது. "உன்கிட்ட கேட்டாங்களாம்மா?" என்றேன். "அண்டா என்கிட்டயா இருந்துச்சு? வீட்ல இருந்துச்சு" என்றாள். சீதனம் பெண்ணின் தனிச்சொத்து, அதைக் கணவன் வீட்டார் தமதாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது 1985இல். அம்மாவின் கல்யாணத்துக்கு மறு வருடம்.

நம் விமர்சனம் தொட வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பெண்ணுக்குத் தரப்படுவதெல்லாம் தேய்கிற பொருள். தேயாத பொருள் ஆண்பிள்ளைகளுக்கு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 ஆனது. அதிலும் மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆன பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை என்று ஒரு வரி. அம்மா அந்த வரிக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டாள். 2005இல் மத்தியச் சட்டம் அந்தச் சுவரை எடுத்தபோது, மாமாக்கள் தோப்பைப் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்து பல வருடம் ஆகியிருந்தது. "அவளுக்குத்தான் எல்லாம் செஞ்சாச்சே" என்பார்கள். செய்தது ஒரு அண்டா. அதுவும் இப்போது அத்தை வீட்டில்.

அந்தச் சீருக்கும் வழியில்லாத வீட்டுப் பெண்களை நம் நூற்பாலைகள் அழைத்துக்கொண்டன. சுமங்கலி திட்டம் என்று பெயர். விடுதியில் தங்கி மூன்று வருடம் வேலை பார்த்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. வெளியே போக அனுமதியில்லாமல், இடையில் உடம்பு முடியாமல் போனால் அந்தத் தொகையும் இல்லாமல் பெண்கள் உழைத்ததை நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011இல் அறிக்கையாக வெளியிட்டன. நூல் நூற்றுச் சம்பாதித்து, தனக்கே சீர் வாங்கி, அதை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது. பொருளாசை என்று இதை யாராவது இந்தப் பெண்களிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

2019இல் தார் சுற்றிய காசில் அம்மா ஒரு எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினாள். ராஜபாளையம் பஜாரில் ஒரு பாத்திரக்கடை. கூட நான் போயிருந்தேன். பேர் வெட்டுகிற தம்பி, "யார் பேரும்மா?" என்றார். அம்மா தன் பேரைச் சொன்னாள். "இனிஷியல்?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "வெறும் பேரு மட்டும் போடுங்க தம்பி" என்றாள். மிஷின் கிர்ரென்று ஓடி முடித்ததும் விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தாள். "ஒரு எழுத்து கோணலா இருக்கே" என்று அவரிடம் சண்டைக்கும் போனாள். அந்தத் தூக்குவாளியில் இப்போது அரிசி மாவு இருக்கிறது. என் அண்ணன் மனைவி ஊருக்குக் கொண்டுபோகக் கேட்டபோது, அம்மா வேறு வாளி எடுத்துக் கொடுத்தாள்.